கொடியோடு விழுந்த ஆண்டெனா

கில்கே தீவு,
20 பிப்ரவரி 1994, ஞாயிறு.

என் அன்பு மகள் யோலண்டாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். புதுச் சமையலறை ஜன்னலருகே உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலும் சமையலறையும் பழையவைதான், வெளியே தெரிவதுதான் புதிது. போன வாரம் வரை இங்கே உட்கார்ந்தால் கடல் பாதத்தை நக்குவது போல இருக்கும். இப்போது தேவாலயத்தின் கூரையைக் கீழே பார்க்கிறேன். ஆம் மகளே, நேற்று ஊர் கூடி எருது பூட்டி வீட்டை இழுக்கும் மிங்கா நல்லபடியாக முடிந்தது. வீடு முழுசாக மேட்டுக்கு வந்துவிட்டது. உன் அறைச் சுவரில் நீ உயரம் குறித்து வைத்த பென்சில் கோடுகள்கூட அப்படியே இருக்கின்றன.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? மருத்துவமனையில் இன்னும் இரவு வேலைதான் போடுகிறார்களா? நீ அனுப்பிய கம்பளிக் காலுறை கிடைத்தது. என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு வேடிக்கை கேள். நேற்று மாலை நம் கோழிகள் பதினொன்றும் வரிசையாகக் கீழே இறங்கி, வீடு இருந்த வெற்று இடத்துக்குப் போய் நின்றன. படுக்க இடம் தேடி, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு. கூடையில் அள்ளித்தான் கொண்டுவர வேண்டியிருந்தது.

இந்தக் கடிதத்தில் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. வகுப்பில் நான் கடினமான கணக்கை முதலில் போடமாட்டேன், உனக்குத் தெரியும். ஆனால் அதை ஒளித்தும் வைக்கமாட்டேன். கிறிஸ்துமஸ் கடிதத்தில் மாவிகோ தீவுப் படகுத் தச்சர் பவுத்திஸ்தா நவுதோவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். உன் பதிலில் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது, அந்தப் பக்கத்துக்கு மட்டும் இல்லை. நான் வருத்தப்படவில்லை. பதில் எழுத நேரம் எடுக்கும் பிள்ளைகளை முப்பத்தாறு ஆண்டுகள் பார்த்தவள் நான்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். ஜனவரித் திருவிழாவில், ஊர்வலம் கலைந்த பிறகு, அவர் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே கேட்டுவிட்டார். "டீச்சரம்மா, நீங்களும் தனி, நானும் தனி. மிச்ச நாளைச் சேர்ந்து கழிக்கலாமா? இப்பவே சொல்ல வேணாம். பிப்ரவரி பத்தொம்பது சாயங்காலம் ஆறு மணிக்கு நான் ரேடியோ பக்கத்துல இருப்பேன். கூப்பிட்டீங்கன்னா அதுதான் பதில். கூப்பிடலன்னா அதுவும் பதில்தான். மறுநாள் காலைல மெலின்கா போற படகுல ஏறிடுவேன். அங்க ரெண்டு வருஷத்துக்குப் படகு கட்டுற வேலை காத்திருக்கு. ரெண்டாந்தரம் கேட்டு உங்கள சங்கடப்படுத்த மாட்டேன்" என்றார்.

அவர் சொன்னால் சொன்னதுதான். பலகையில் ஒரு முறை கோடு போட்டால் அழித்துப் போடாத மனிதர்.

பத்தொன்பதாம் தேதி என்பது நேற்று. அதே நாளில் மிங்காவை ஏன் வைத்தாய் என்று கேட்பாய். வைக்கோல் அறுவடை முடிந்து, உருளைக்கிழங்கு தோண்டும் முன், பன்னிரண்டு ஜோடி எருதுகளும் சும்மா இருக்கும் சனிக்கிழமை அது ஒன்றுதான். மதியத்துக்குள் வீடு இடத்தில் உட்கார்ந்துவிடும், தீவுக்குத் தீவு பேசும் என் ரேடியோவைப் பேட்டரியில் மாட்டினால் ஆறு மணிக்கு நிறையவே நேரம் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான். உன் சித்தப்பாவைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

இழுவைக்குத் தலைவர் உன் சித்தப்பா ரெமிஹியோதான். காலை ஏழு மணிக்கே வந்து கத்த ஆரம்பித்துவிட்டார். ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றியாயிற்று, அடுப்புப் புகைக்குழாயை இறக்கியாயிற்று, பீங்கான் தட்டுகள் வைக்கோலில் சுற்றி வெளியே போயாயிற்று. வீட்டுக்கு அடியில் இரண்டு பெரிய மரத்தண்டுகள் செருகிச் சங்கிலி போட்டார்கள். கடைசியாக வழக்கப்படி கூரை உச்சியில் கொடி ஏற்ற வேண்டும். கொடிக்கழி குட்டையாக இருக்கிறது என்று உன் சித்தப்பாவுக்குக் குறை. "டீச்சர் வீடு போகுது, மாவிகோ வரைக்கும் தெரிய வேணாமா?" என்று ஏறிப்போய், கொடியை என் ரேடியோ ஆண்டெனாவின் உச்சியில் கட்டிவிட்டார். நான் அப்போது மில்காவ் ரொட்டிக்கு உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது கொடி அழகாகப் பறந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த அலுமினியக் கம்பி சுண்டுவிரல் கனம்கூட இல்லை. காற்று அதை ஒட்டி வழுக்கிப் போகும், அதனால் ஒன்பது ஆண்டுகள் தாங்கியது. அதன் நுனியில் ஒரு கொடியைக் கட்டினால் அது பாய்மரம் ஆகிவிடுகிறது. பாய்மரத்துக்கு எவ்வளவு கனம் வேண்டும் என்று இந்தத் தீவில் ஐந்து வயதுப் பிள்ளை சொல்லும். ஆனால் அறுபது பேர் கூடி நின்றோம், ஒருவருக்கும் தோன்றவில்லை. கண்ணுக்கு அது கொடியாகத்தான் தெரிந்தது.

பதினொரு மணிக்கு வடக்குக் காற்று எழுந்தது. தேவாலயத்துக்குப் பக்கத்து மேட்டில் வீடு ஒரு குலுக்கல் குலுங்கி ஏறியபோது, கம்பி வில்லாக வளைந்து ஒடிந்தது. கொடியும் கம்பியும் சேர்ந்து கீழே வந்து விழுந்தன. வீடு மேடேறிவிட்டதென்று எல்லோரும் கைதட்டினார்கள். துணை எருது ஜோடி ஒன்று பின்னாலிருந்து வந்து, எட்டுக் குளம்புகளால் அந்தக் கம்பியை மிதித்துவிட்டுப் போனது. கொடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

மிங்காவில் கூலி கிடையாது, வந்தவர்கள் எல்லாம் அன்புக்கு வந்தவர்கள். அவர்கள் முன்னால் முகம் சுளிப்பது முறையல்ல. சுட்ட கற்களில் வேகவைத்து மூடியிருந்த குரந்தோக் குழியைத் திறந்து சிப்பியும் இறைச்சியும் பரிமாறினேன், ஆப்பிள் சிச்சா ஊற்றினேன், சிரித்தேன். மூன்று மணிக்குக் கம்பித் துண்டுகளை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். படகில் மாவிகோ போகலாம் என்றால், அந்தக் காற்றில் யாரும் நடுக்கடலைத் தாண்டமாட்டார்கள். புது ஆண்டெனா வாங்கக் கஸ்த்ரோ நகரத்துக்குத் திங்கட்கிழமைதான் படகு. தீவில் இருந்த இன்னொரு ரேடியோ உன் சித்தப்பாவின் வேனில் இருந்தது. அது உப்புத் தண்ணீர் குடித்துச் செத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

அவரே வந்தார். முகம் சுருங்கியிருந்தது.

"அண்ணி, தப்பு என்னோடதுதான். திங்கக்கிழமை படகுல போயி புதுசா வாங்கிட்டு வந்துடறேன்."

"திங்கட்கிழமை வேண்டாம், ரெமிஹியோ. இன்றைக்கு ஆறு மணிக்கு எனக்கு ரேடியோ வேண்டும்" என்றேன்.

"ஆறு மணிக்கா? இன்னைக்கேவா?"

"இன்றைக்கே."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. உன் அப்பாவின் தம்பியிடம் நான் என்ன சொல்ல முடியும்? உன் அப்பா அன்செல்மோ போய்ச் சேர்ந்து ஆறு ஆண்டுகளாக எனக்கு விறகு வெட்டிப் போடுகிற மனிதர். எழுந்து போய்விட்டார். கோபமோ என்று நினைத்தேன். கால் மணி நேரத்தில் தோளில் ஒரு நீண்ட கம்பியோடு திரும்பி வந்தார். அவர் வேனின் பம்பரில் நிற்குமே, சாட்டை போல ஆடும் அந்த எஃகுக் கம்பி. ரேடியோ செத்த பிறகும் அழகுக்காக அவர் கழற்றாமல் வைத்திருந்தது. தீவில் அந்த வேன் வருவதை, வேனுக்கு முன் அந்தக் கம்பியைப் பார்த்துத்தான் சொல்வோம்.

"இதை மாட்டுங்க. வேன் மொட்டையா நின்னா நிக்கட்டும்."

இனி நான் உனக்கு ஒரு பாடம் நடத்தப் போகிறேன், பொறுத்துக்கொள். நம் ஆண்டெனாவில் மேல்நோக்கி ஒரு கம்பி, கீழ்நோக்கிச் சரிந்த மூன்று கம்பிகள். கீழ்க்கம்பிகள் பிழைத்துக்கொண்டன. மேல்கம்பி ஒடிந்ததில் அடியில் ஒரு முழம் மிச்சம் நின்றது. அந்த முழத்தோடு எஃகுக் கம்பியைச் சேர்த்து, தண்ணீர்க் குழாய்க்குப் போடும் இரண்டு ஹோஸ் கிளிப்புகளால் இறுக்கினால் போதும். மொத்தம் எட்டே முக்கால் அடி நிற்க வேண்டும். கிதார்த் தந்தி போலத்தான். நீளம் கூடினால் ஒரு சுரம், குறைந்தால் ஒரு சுரம். நமக்கு வேண்டிய சுரத்துக்கு ஒரே ஒரு நீளம்தான். நீளம் சரியா என்று காட்டுவதற்கு ரேடியோ கிளப்பில் வாங்கிய சின்ன மீட்டர் என்னிடம் இருக்கிறது. குரல் வெளியே போகிறதா, சுவரில் பட்ட பந்து மாதிரி திரும்பி வருகிறதா என்று அதன் முள் சொல்லும்.

ரெமிஹியோ கூரை ஏறிக் கட்டினார். நான் உள்ளே மீட்டர் முன்னால். கண்ணாடி இன்னும் மாட்டாததால் ஜன்னல் வழியாகக் கத்திப் பேச வசதியாக இருந்தது. பட்டனை அழுத்தினேன். முள் கடைசி வரை ஓடி முட்டிக்கொண்டது. ஒரு சொல்கூட வெளியே போகவில்லை என்று அர்த்தம்.

"கிளிப்பை இறுக்கினாயா?"

"எருது கட்டினாக்கூட அவுராது அண்ணி."

இறங்கி ஏறி மூன்று முறை பார்த்தோம். ஆள் பக்கத்தில் இருந்தாலே முள் பொய் சொல்லும், அதனால் ஒவ்வொரு தடவையும் அவர் ஏணியில் இறங்கித் தள்ளி நிற்க வேண்டும். சிச்சாக் கோப்பையோடு கூடி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த வீட்டு எர்மிந்தா, "ஒரு வீட்டையே ரெண்டு மணி நேரத்துல மலையேத்திட்டோம். ஒரு கம்பிய நிறுத்த இவ்வளவு பாடா?" என்றாள். "வீட்ட எருது இழுத்துச்சு எர்மிந்தா, நீ இழுக்கல" என்று கூரையிலிருந்து பதில் வந்தது.

மணி நாலரை. கம்பியைக் கீழே கொண்டுவரச் சொன்னேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மஞ்சளாகப் பளபளத்தது. எஃகு எங்காவது மஞ்சளாக இருக்குமா?

"இது என்ன?"

"பெயிண்ட். படகுக்கு அடிக்கிற பெயிண்ட். மூணு கோட்டிங். உப்புக்காத்துக்குத் துருப்பிடிக்கக் கூடாதுல்ல?" என்றார், பெருமையோடு.

உன் சித்தப்பாவைத் தெரியுமே. அசையாமல் நிற்கும் எதற்கும் படகுப் பெயிண்ட் அடித்துவிடுவார். வேலி, வாளி, நாய் வீடு. என் கோழிகள் தப்பித்தது அவை ஓடியதால்தான். கம்பிக்கும் அந்த முழத்துண்டுக்கும் நடுவே மூன்று அடுக்குப் பெயிண்ட். கனத்த கையுறையைப் போட்டுக்கொண்டு நாடி பார்த்தால் எப்படி இருக்கும், நீயே சொல், நீதான் நர்ஸ். உப்புத்தாளை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து ஒரு சாண் நீளத்துக்குத் தேய்த்தோம். அலுமினியத் துண்டையும் வெள்ளி போல மின்னும் வரை தேய்த்தார். பெயிண்ட் போகப் போக அவரிடமிருந்து ஒரு பெருமூச்சு.

மறுபடி மாட்டியதும் முள் பாதியில் நின்றது. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். நான் அடங்கச் சொன்னேன், பாதி மதிப்பெண் போதாது. முதல் சேனலில் முள் தாழ்ந்தது, நாற்பதாவதில் ஏறியது. அப்படியென்றால் கம்பி நீளம் அதிகம். ரெமிஹியோ ரம்பத்தை எடுத்துவிட்டார். அதை வாங்கி வைத்தேன். தையற்காரர் கால்சட்டையை வெட்டிவிட்டு நீட்ட முடியுமா? நழுவ இடம் இருக்கும்போது வெட்டக் கூடாது. கிளிப்பைத் தளர்த்தி, கம்பியை மூன்று விரல்கடை கீழே இறக்கச் சொன்னேன். அப்புறம் இன்னும் இரண்டு விரல். அப்புறம் ஒரு விரல். ஏணியில் எத்தனை தடவை ஏறி இறங்கினாரோ, அறுபது வயது மனிதர். கடைசியில் முள் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. பழைய ஆண்டெனா புதிதாக இருந்தபோதுகூட இவ்வளவு தாழ்ந்ததில்லை.

ஆறுக்கு எட்டு நிமிடம் இருந்தது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். ரேடியோவைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அண்ணி, எனக்குக் காது கேக்கும். என் ரேடியோ செத்துப்போச்சு, ஊர் வாய் சாகல. திருவிழா வரைக்கும் தெனம் ஆறு மணிக்கு நீங்க ரெண்டு பேரும் அலை பத்தியும் மழை பத்தியும் பேசுனத மாவிகோக்காரங்க பூராக் கேட்டாங்க. மழையப் பத்தி யாரும் அவ்வளவு நேரம் பேச மாட்டாங்க."

எனக்கு முகம் சூடேறிவிட்டது, இந்த வயதில். அவரே தொடர்ந்தார். "பலகைய ஆவி காட்டி, முறிக்காம வளைக்கத் தெரிஞ்ச மனுஷன் அவரு. நல்லவரு. கூப்பிடுங்க. அண்ணன் பேரச் சொல்லி உங்களத் தடுக்கிற ஆள் இந்தக் குடும்பத்துல நான் இல்ல." கதவு வரை போய்த் திரும்பினார். "யோலண்டாவுக்கு நான் எழுதவா, நீங்க எழுதுறீங்களா?"

நானே எழுதுகிறேன் என்றேன்.

வெளியே போய், "எல்லாரும் ஆப்பிள் தோட்டத்துக்கு நடங்க, இங்க என்ன வேடிக்கை?" என்று விரட்டுவது கேட்டது. ஒருவரும் போகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அறுபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

ஆறு மணி. பட்டனை அழுத்தி, "மாவிகோ, மாவிகோ, இது கில்கே, ஒதிலியா பேசுகிறேன்" என்றேன். பதில் இல்லை. மீட்டரைப் பார்த்தேன், முள் எழவில்லை, குரல் வெளியே போகத்தான் செய்தது. மறுபடி கூப்பிட்டேன். ஒருவேளை முந்தின நாளே கிளம்பிவிட்டாரோ, அவர் பக்கத்துக் காற்றில் அவர் ஆண்டெனாவும் விழுந்ததோ என்றெல்லாம் மனம் ஓடியது. மூன்றாவது முறை வாயைத் திறக்கும்போது அவர் குரல் வந்தது. "டீச்சரம்மா" என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு, "ஒதிலியா. கேக்குது. ரொம்ப நல்லாக் கேக்குது" என்றார். இத்தனை நாளில் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"காலைலேர்ந்து உங்க பக்கம் சத்தமே இல்ல. துணிமணியெல்லாம் பெட்டியில வெச்சுக் கட்டிட்டேன்" என்றார்.

"பெட்டியை அவிழ்த்துவிடுங்கள்" என்றேன். அவ்வளவுதான் மகளே. அழகாக ஏதாவது சொல்ல வேண்டுமென்று நாற்பது நாட்களாக யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

அவர் பதில் சொல்வதற்குள் எங்கோ நடுக்கடலில் காற்றுக்கு ஒதுங்கி நின்ற படகுக்காரர் ஒருவர் குறுக்கே புகுந்தார்: "நவுதோ மாமா, முடிச்சு இறுகியிருந்தா சொல்லுங்க, கத்தி கொண்டு வர்றோம்." பிறகு ஒவ்வொரு தீவாக வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. அரை மணி நேரம் எங்கள் இருவருக்கும் பேச இடமே கிடைக்கவில்லை. ஜன்னல் வழியே எர்மிந்தாவின் தலை, அவளுக்குப் பின்னால் எல்லோர் தலையும். யாரோ அக்கார்டியனை எடுத்துவிட்டார்கள். ரெமிஹியோ என்னை முதல் ஆட்டத்துக்கு அழைத்தார். முழங்கால் வலியோடு ஆடினேன். ஆடிக்கொண்டே, "அண்ணி, ஒண்ணே ஒண்ணு. அடுத்த மாசம் இந்த வீட்டக் கடல்ல மிதக்கவிட்டு மாவிகோவுக்குக் கொண்டு போகணும்னு சொல்லிடாதீங்க. இன்னொரு தடவை இழுக்க என் எருதுகளுக்கு மனசு இல்ல" என்றார். இல்லை, அவர்தான் இங்கே வருகிறார். படகு கட்ட எந்தக் கரையானாலும் போதும் என்கிறார்.

இன்று காலை மெலின்கா படகு அவர் இல்லாமல் போனது. ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

இனி உன்னிடம் ஒன்று. நீ எழுதும் வரை காத்திருக்காமல் பதில் சொல்லிவிட்டேன். நாள் அப்படி அமைந்துவிட்டது. உன் அப்பாவின் படம் கூடத்தில் அதே ஆணியில் இருக்கிறது. இழுவையின்போது அதை என் கையில் வைத்துக்கொண்டு வந்தேன், வைக்கோலில் சுற்றவில்லை. பவுத்திஸ்தாவிடம் அது அங்கேதான் இருக்கும் என்றேன். "இருக்கணும்" என்றார்.

ஈஸ்டர் முடிந்து ஏப்ரல் ஒன்பதாம் தேதி என்று பாதிரியார் சொல்லியிருக்கிறார். உன் கடிதம் வந்த பிறகுதான் உறுதி சொல்வேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். கோபமாக எழுதினாலும் எழுது, ஒரு வரி எழுதினாலும் எழுது. கேள்வி ஏதாவது இருந்தால் கேள், எத்தனை கேட்டாலும் பதில் சொல்வேன். நீ எழுதாமல் இருந்தால் அதைப் பதிலாக நான் எடுத்துக்கொள்ளமாட்டேன். மறுபடி எழுதுவேன், அதற்குப் பிறகும் எழுதுவேன். ஒரே தடவைதான் கேட்பேன் என்று சொல்லும் உரிமை தாய்க்குக் கிடையாது.

வேலைக்கு நடுவில் சாப்பிட மறக்காதே. கடவுள் உன்னைக் காக்கட்டும். என் ஆசி எப்போதும் உன் தலைமேல் இருக்கிறது. ஒரு நாள் நீ வந்து உன் கையையும் என் தலையில் வைத்தால் போதும்.

என்றும் உன் அம்மா,
ஒதிலியா